‘இல்லை’யை அமுக்கியது நான்தான்

திருக்கோகர்ணம் ஆட்டோ ஸ்டாண்டில் என்னைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறது. முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். கிழவிக்குக் கண் மங்கல், ‘ஆம்’ என்று நினைத்து ‘இல்லை’யை அமுக்கிவிட்டாள், அதனால்தான் ஆப் போயிற்று என்கிறார்கள். பரிதாபப்பட்டுச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவேன். அன்றைக்கு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கேள்வியை முழுதும் வாசித்து, மறுபடியும் வாசித்து, தெரிந்துதான் அமுக்கினேன்.

இதைக் கேட்டு நீ சிரித்திருப்பாயா, என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பாயா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. பள்ளிக்கூட பெஞ்சிலிருந்து உன்னை அறிவேன். உன் கோபம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று எப்போதும் முன்கூட்டித் தெரியும் என்று நினைத்திருந்தேன். இந்த ஒன்றில் தெரியவில்லை.

இன்று காலை உன் போன் மேசை மேல் அதிர்ந்தது. அதை இன்னும் சார்ஜ் இறங்காமல்தான் வைத்திருக்கிறேன். உறையைத் திறந்தால் தைல வாசனை. விரல் மூட்டுகளில் யூகலிப்டஸ் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, துடைக்காமலே போனை எடுப்பாய், நான் கத்துவேன். நீ போய் ஒரு மழைக்காலம் முழுதும் கழிந்துவிட்டது, அந்த உறையிலிருந்து வாசனை போகவில்லை. செய்தி அந்தக் கம்பெனியிடமிருந்து வந்திருந்தது. எல்லோருடைய போனிலும் ஆப்களுக்கென்று ஒரு கடை விரித்து வைத்திருக்கிறதே, அதுதான். உன் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்துவிட்டு, கணக்கு உறுதி செய்யப்படாததால் நீ எழுதிய ஆட்டோ ஆப் ‘நம்ம டர்ன்’ கடையிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. இதுவரை மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். இனி அதுவும் இல்லை.

உனக்குத் தெரிந்ததையே சொல்லப்போகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மண்டைக்குள் ஓட்டம் நிற்கும்.

என் வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறல் வந்த அந்த மழை நாள் உனக்கு நினைவிருக்கும். நம் ஸ்டாண்டு செல்வராசுவின் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். “வாரேம்மா, ஆனா இப்ப என் டர்ன் இல்லையே. முன்னாடி ஒரு வண்டி நிக்கிது” என்றான். முன்னால் நிற்கிறவரை அனுப்பச் சொன்னேன். “அவரு டீ குடிக்க அங்கிட்டுப் போயிருக்காரும்மா.” அப்படியென்றால் நீங்களே வாங்க என்றேன். “வந்தா சண்டை வரும்மா” என்றான். அவன் பயந்ததில் தப்பில்லை. வரிசையை மீறிச் சவாரி எடுத்தவனை ஸ்டாண்டில் யாரும் சேர்க்கமாட்டார்கள். எத்தனையோ சண்டைக்குப் பிறகு அவர்களே வைத்துக்கொண்ட ஒழுங்கு அது. ஆனால் இங்கே ஒரு மனிதர் கட்டிலில் மூச்சை எண்ணி எண்ணி இழுத்துக்கொண்டிருக்கிறார்.

நீ குடையை விரித்துக்கொண்டு நடந்தே போனாய். ஆவுடையார்கோவில் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த குரலை ஸ்டாண்டு நடுவில் நின்று எடுத்திருக்கிறாய். டீக்கடையிலிருந்து ஆள் ஓடிவந்தாராம். ஆஸ்பத்திரி வாசலில் அவரை உள்ளே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, புடவைக் கரையிலிருந்து தண்ணீரைப் பிழிந்துகொண்டே சொன்னாய்: “இது கணக்குடி. வெறும் வரிசைக் கணக்கு. இதுக்குப் போயி இம்புட்டுப் பாடா?”

அவர் அந்த முறை பிழைத்து வந்தார். நீ கணக்கை விடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, அறுபதைத் தாண்டி, மடிக்கணினி வாங்கிவைத்துக்கொண்டு நீ புரோகிராம் எழுதக் கற்றதை நம் தெருவே வேடிக்கை பார்த்தது. உன் தம்பி மனைவி என்னிடம் வந்து, “அக்காவுக்கு எதுனா மனசு சரியில்லையா, கண்ணாடிய மூக்குல போட்டுக்கிட்டுத் தனியாப் பேசுறாங்க” என்று கேட்டாள். நீ வீடியோவில் பாடம் எடுக்கிறவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாய் என்று நான் விளக்கவேண்டியிருந்தது. சாயங்காலமானால் மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாய். நான் பரிசோதனை அதிகாரி. அந்தப் பதவியை நீ கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

ஆட்டோ கூப்பிடும் பொத்தானில் ‘சமர்ப்பி’ என்று போட்டிருந்தாய். ஆட்டோக்காரருக்கு யார் எதைச் சமர்ப்பிப்பார்கள் என்று கேட்டேன். “எல்லா ஆப்லயும் அப்புடித்தான்டி இருக்கு.” இருக்கட்டும், இதில் ‘ஆட்டோவைக் கூப்பிடு’ என்று இருக்கும் என்றேன். “கருவூலத்துல ஒன்னையக் கட்டி மேய்ச்சவங்களுக்குத்தான் கோயில் கட்டணும், சூப்பரிண்டென்ட்டம்மா” என்றாய். மறுநாள் மாற்றியிருந்தாய்.

கிட்டத்துச் சவாரிக்காக என் முன்னறையில் நடந்த பஞ்சாயத்து இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை வலிக்கும், சிரிப்பும் வரும். காலையிலிருந்து காத்திருந்து முதல் டர்ன் வந்தவனுக்குக் கோயில் வரை போகிற சின்னச் சவாரி கிடைத்தால், திரும்பி வந்து மறுபடி முதலிலேயே நிற்கலாம், கடைசிக்குப் போகவேண்டியதில்லை. இது ஸ்டாண்டு வழக்கம். ஆனால் எது கிட்டம், எது தூரம் என்று வழக்கத்தில் இல்லை. அன்றன்றைக்குக் குரல் பெரிதாக இருந்தவன் சொன்னதுதான். நீ, கம்ப்யூட்டருக்குக் குரல் கேட்காது, எல்லையைச் சொல்லுங்கள் என்றாய். ஸ்டாண்டே என் வீட்டில் வந்து உட்கார்ந்தது. மியூசியம் கிட்டம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ரயில்வே ஸ்டேஷனில் பிடித்துக்கொண்டது.

“ஸ்டேஷன் தூரந்தாங்க டீச்சர்.”

“நீ ஒன் மாமியா வீட்டுக்குப் போறப்ப மட்டும் கிட்டமா இருக்கு?”

“அது சொந்தப் பெட்ரோலுடா!”

“மேடம், ஏத்தத்துல மூணு பேர ஏத்திக்கிட்டுப் போனா கிட்டமும் தூரந்தான், எழுதிக்கங்க” என்றான் செல்வராசு.

ஒவ்வொரு இடமாக அவர்கள் ஒத்துக்கொள்ளும் வரை அன்றைக்கு யாருக்கும் நான் காபி கொடுக்கவில்லை. முடிந்ததும் எல்லோரையும் கையெழுத்துப் போடவைத்தேன். அதுதான் உன் ஆப்பின் உயிர் என்று நான் நினைக்கிறேன். உலகத்தில் வேறெந்த ஆட்டோ ஆப்புக்கும் திருக்கோகர்ணத்தில் எது கிட்டம் என்று தெரியாது.

வரைபடம் போனதும் ஒரு விதத்தில் நன்மைதான். முதலில் பெரிய கம்பெனி ஒன்றின் வரைபடத்தை நீ உள்ளே வைத்திருந்தாய். இலவசம் என்றார்கள். ஸ்டாண்டு முழுவதும் பழகிய பிறகு, இனிமேல் கார்டு நம்பர் கொடு, பயன்படுத்துகிற அளவுக்குக் கட்டணம் என்று வந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். பிறகு வரைபடத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஊரில் சொல்கிற பேரையே போட்டாய். தண்ணீர்த்தொட்டிச் சந்து, மியூசியம் வாசல், மாவு மில்லுக்குப் பின்பக்கம், பச்சைக் கதவு வீடு. வரைபடம் இருந்ததைவிட இது சுலபமாக இருந்தது. நான் அந்தக் கம்பெனியைத் திட்டினேன். நீ திட்டவில்லை. “நான் கத்துக்கிட்டது பூராம் அந்த மாதிரி ஆளுங்க ஓசியில போட்ட வீடியோவுலதான். திட்டுறப்ப அதையும் சேத்துக்கிட்டுத் திட்டு” என்றாய்.

அந்த நியாயத்தை நானும் விடாமல் பிடித்துக்கொண்டுதான் யோசிக்கிறேன். ஆனால் யோசிக்க யோசிக்க அமைதி குறைகிறதே தவிரக் கூடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அந்த ஆப் கடையிலிருந்து உத்தரவு வரும்: புதிய போன்களுக்கு ஏற்ப மாற்று, இல்லாவிட்டால் புதிதாக வருகிறவர்களுக்கு உன் ஆப் தெரியாது. ஆப்பில் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் தைலம் தேய்த்த விரல்களோடு உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருப்பதை மறுபடி ஓடவைப்பாய். “வருசா வருசம் வெள்ளையடிக்கிற மாதிரிடி” என்றாய் ஒருமுறை. சொந்த வீட்டுக்கா, வாடகை வீட்டுக்கா என்று கேட்டேன். நீ தட்டச்சு செய்துகொண்டே இருந்தாய்.

நூறு பேர் வேலை பார்க்கிற கம்பெனிக்கு அந்த உத்தரவு ஒரு பொருட்டில்லை; ஒரு ஆளை உட்காரவைத்து முடித்துவிடுவார்கள். மூட்டுவலிக்காரி ஒருத்திக்கும் அதே உத்தரவு, அதே கெடு. எல்லோருக்கும் ஒரே விதி என்பது கேட்க நன்றாக இருக்கிறது. கருவூலத்தில் நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

பிறகு சவாரிக் கம்பெனி வந்தது. உன் உடம்பு படுக்கையோடு ஒட்டத் தொடங்கிய நாட்கள் அவை. ஊர் முழுக்க ஆட்டோ முதுகுகளில் அவர்கள் ஒட்டிய படம். முதல் சவாரி பயணிக்கு இலவசம், ஓட்டுநரிடம் பிடித்தம் கிடையாது. நான் உன் கட்டில் பக்கம் உட்கார்ந்து பொரிந்து தள்ளினேன். உன்னைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் பெண் ட்ரிப்ஸ் பாட்டிலைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “கோவிச்சுக்காதீங்கம்மா, நான் டூட்டி முடிஞ்சு போறப்ப அந்த ஆப்தான் போடுறேன். வண்டி எங்க வருதுன்னு எங்க அம்மா வீட்டுலருந்தே பாக்குறாங்க. ஒங்க ஆப்ல அது இல்லையே?” நீ கண்ணை மூடிக்கொண்டே, “அவ சொல்றது நெசந்தான். வரைபடம் இல்லாம அது முடியாது” என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, “ரெண்டும் இருக்கட்டுமே. அவளுக்கு அது, ஒனக்கு இது” என்றாய்.

ரெண்டும் இருக்கட்டுமே என்றாய். நீ கேட்டது அவ்வளவுதான். அது இவ்வளவு கடினமாகும் என்று எனக்குத் தெரியாது.

நீ போன பிறகு உயிலின்படி மடிக்கணினியும் போனும் என்னிடம் வந்தன. சாமான்களை எடுத்துவைத்து முடிக்கும் முன்பே ஆப் கடையிலிருந்து போனில் அந்தக் கேள்வி வந்துவிட்டது. ஆப் எழுதுகிறவர்கள் எல்லோரும் தாங்கள் யார் என்று மறுபடி உறுதிசெய்ய வேண்டுமாம். உன் பெயர், உன் பிறந்த தேதி, கீழே: இந்தக் கணக்கின் உரிமையாளர் நீங்கள்தானா? ஆம். இல்லை.

செல்வராசு வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“ஒத்தப் பட்டன்தானேம்மா. டீச்சரம்மா இருந்தா அமுக்கியிருப்பாங்கல்ல?”

“இருந்தா அமுக்கியிருப்பா.”

“அப்ப நீங்க அமுக்குங்க. போன் ஒங்க கையில, நம்பர் ஒங்க கையில. எவன் வந்து பாக்கப் போறான்?”

எவனும் வந்து பார்க்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் எனக்கு நேராக உட்காரக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொருவர் பேரில் ‘ஆம்’ சொல்லக்கூடாது என்று கற்றுக்கொடுத்தது கருவூலம். ஓய்வூதியக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டவேண்டும், நேர்காணல் என்போம். ஒருமுறை ஒருவன் செத்துப்போன தன் அப்பாவுக்குப் பதிலாகச் சித்தப்பாவைக் கூட்டிவந்தான். அண்ணனின் சட்டை, அண்ணனின் கண்ணாடி. நான் சந்தேகப்படவேயில்லை. வழக்கமாகக் கேட்பதுபோல, “பேரு சொல்லுங்கய்யா” என்றேன். அந்த மனிதர் வாயைத் திறந்தார், அண்ணன் பேரைச் சொல்ல வந்தார், சொல்லமுடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். “அவன் இல்லம்மா” என்றார்.

இந்தக் கதையை உனக்கு நான் சொன்னதில்லை. அலுவலக விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது எனக்குப் பழக்கமில்லை. ‘ஆம்’ மேல் விரலை வைத்தபோது அந்த முதியவரின் கைதான் எனக்குத் தெரிந்தது. என்னால் நீயாக இருக்கமுடியாது.

ஆனால் ஸ்டாண்டில் பேசுகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் ‘இல்லை’யை அமுக்கியது ஆப்பை மூடுவதற்காக அல்ல. உன் இறப்புச் சான்றிதழ், உயில் நகல், என் ஆதார் மூன்றையும் படமெடுத்துத் தயாராக வைத்திருந்தேன். இல்லை என்றால் அடுத்ததாகக் காரணம் கேட்பார்கள். உரிமையாளர் இறந்துவிட்டார், வாரிசு நான், இதோ ஆவணம் என்று சொல்லிப் பெயர் மாற்றிக்கொள்ளலாம். நான் வேலைபார்த்த அத்தனை ஆண்டுகளிலும் ‘இல்லை’ என்று எழுதினால் பக்கத்திலேயே காரணத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். அது இல்லாத படிவத்தை நான் பார்த்ததில்லை.

இங்கே கட்டம் இல்லை. ‘உங்கள் பதிலுக்கு நன்றி’ என்று வந்தது. பிறகு திரை வெள்ளையாகிவிட்டது.

எழுதினேன். உதவி வேண்டுமா என்று கேட்ட ஒவ்வொரு இடத்திலும் எழுதினேன். தமிழில் எழுதினேன், நல்ல ஆங்கிலத்திலும் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் நொடியில் பதில் வந்தது. கணக்கின் உரிமையாளர் தாமே உள்ளே வந்து கோரிக்கை வைக்கவேண்டும் என்றது. உரிமையாளர் இறந்துவிட்டார் என்று எழுதினால், அவருக்குச் சிரமம் ஏற்பட்டதற்கு வருந்துகிறோம் என்றது. என் கீழ் வேலை செய்த கடைநிலை எழுத்தர் இப்படி ஒரு பதில் எழுதியிருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பேன். யாருக்குக் கொடுப்பது? அந்தப் பக்கம் நாற்காலியில் ஆளே இல்லை.

புதுப் போன் வாங்கியவர்களுக்கு நம் ஆப் கிடைக்கவில்லை. பழைய போனிலிருந்து எப்படியோ ஏற்றிப் பார்த்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. செல்வராசு கொண்டுவந்து காட்டினான். இந்தச் செயலி உங்கள் சாதனத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. ஒரு மனிதருக்கு மூச்சுத் திணறி வண்டி கிடைக்காமல்போனதைப் பொறுக்கமுடியாமல் நீ எழுதியது. அதைத் தீங்கு என்கிறது, உன்னை ஒருமுறையும் பார்த்திராத ஒரு இயந்திரம்.

“பெத்தவ பேர மாத்திச் சொல்லச் சொன்னமாதிரி கெடந்து துடிக்கிறீங்களேம்மா, ஒரே ஒரு பொய்யிதானே” என்றான் செல்வராசு. அவனுக்குக் கோபம். “ஒங்க நேர்மையில ஸ்டாண்டுல வண்டி ஓடுமா?” நான் கதவைக் காட்டினேன்.

அவன் சொன்னது நடக்கத்தான் செய்தது. ஒவ்வொருவராகச் சவாரிக் கம்பெனியில் சேர்ந்தார்கள். அதில் டர்ன் கிடையாது. யார் பக்கத்தில் இருக்கிறானோ அவனுக்குச் சவாரி. அதனால் யாரும் ஸ்டாண்டில் நிற்பதில்லை. ஆளுக்கொரு முக்கில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போன் இல்லாத கிழவிகள் மூட்டையோடு ஸ்டாண்டுக்கு வந்து, ஆளில்லாமல் திரும்புகிறார்கள். போட்டிக்கு யாரும் இல்லை என்று ஆன பிறகு கம்பெனிக்காரர்கள் தினம் காலையில் கட்டணம் கட்டினால்தான் அன்றைக்குச் சவாரி என்று மாற்றினார்கள். கட்டணத்தை ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். ஏன் என்று கேட்க ஆளில்லை. முழங்கால் போன செல்வராசுவால் முக்குக்கு முக்கு அலைந்து சவாரி பிடிக்கமுடியவில்லை. வரிசை இருந்தவரை அவனும் மற்றவனும் ஒன்று. போன வாரம் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான், நான் சொல்லாமலே. “தப்பாப் பேசிட்டேம்மா” என்றான். நான் காபி கொடுத்தேன். அவன் அன்று பேசியது முழுவதும் தப்பு என்று என்னால் இப்போதும் சொல்லமுடியாது.

அவனோடுதான் ரஹ்மத் வந்தாள். கோட்டைப்பட்டினத்துப் பெண், இரண்டு பிள்ளைகள், இப்போது இங்கே டவுனில் குடியிருக்கிறாள். வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கிறாள். உன்னைப் போலத் தனி ஆள். அவளுக்கும் ஒரு கதை இருந்தது. ஊரில் படகுகளுக்கு ஐஸ் சொல்லிவைக்க ஓர் ஆப் எழுதியிருக்கிறாள். விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் முறை வைத்துக் கடலுக்குப் போகிற நாட்களுக்குத் தகுந்தாற்போல் ஐஸ் பிரியும்படி செய்திருக்கிறாள். நன்றாக ஓடியிருக்கிறது. பிறகு ஒரு பெரிய கம்பெனி தன் கணக்கு மென்பொருளோடு ஐஸ் ஆர்டரையும் சேர்த்து இலவசமாகக் கொடுத்தது. எல்லோரும் அதற்குப் போனார்கள்.

“நான் கொற சொல்லலம்மா. ஓசியாக் கெடைக்கிறப்ப யாரு காசு குடுப்பா? ரெண்டு வருசங்கழிச்சு அவன் காசு கேட்டான். எல்லாரும் என்னையத் தேடுனாங்க. அதுக்குள்ள நான் மூடிட்டு வேற வேலைக்குப் போயிட்டேன். ஒத்த ஆளு அம்புட்டு நாளு எதத் தின்னுட்டுக் காத்துக்கெடக்குறது?”

இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு இரண்டு நாள் மனதை விட்டுப் போகவில்லை. பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறிக்கொள்ளலாமே என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். மாறப்போகிற அன்றைக்கு அந்த வேறொன்று உயிரோடு இருக்கவேண்டும். அதற்கு யாரும் பொறுப்பில்லை.

உன் மடிக்கணினியை அவளிடம் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் படித்தவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். புரோகிராமுக்கு நடுவில் நீ குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறாயாமே. வாசித்துக் காட்டினாள். “சூப்பரிண்டென்ட் சொன்னதால் மாற்றியது. எனக்கு உடன்பாடில்லை.” இன்னோர் இடத்தில், “இங்கே கை வைத்தால் செல்வராசு அடிக்க வருவான்.” எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். பால் பொங்குகிறதா என்று பார்க்க என்று சொன்னேன். அடுப்பில் பால் இல்லை.

அவள் சொல்கிற வழி இது. அந்தக் கடை வழியாகப் போகவேண்டாம். போனில் சாதாரணமாகத் திறக்கிற பக்கமாகவே செய்துவிடலாம். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் தனி ஆளாக அவள் மட்டும் தூக்கிச் சுமக்கமாட்டாள். நீ எழுதியதை எல்லோரும் பார்க்கும்படி வெளியே வைத்துவிடவேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம்.

“அறந்தாங்கி ஸ்டாண்டுக்காரங்க அவங்க கிட்டம் தூரத்த அவங்களே வச்சுக்கட்டும். எனக்கு ஒண்ணு ஆனாலும் இன்னொருத்தர் பாத்துக்குவாங்க. இப்ப டீச்சர் மூடிவச்சுட்டுப் போன மாதிரி ஆகாதும்மா.”

அந்தக் கடைசி வார்த்தைக்காக அவளைக் கடிந்துகொண்டேன். நீ மூடிவைத்துவிட்டுப் போகவில்லை என்றேன். அவள் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் நான் சொன்னது உண்மைதானா என்று எனக்கே நிச்சயமில்லை. ஒருமுறை உன் மடிக்கணினியில் ஒரு வார்த்தையைத் திருத்தப்போய் ஏதோ நின்றுபோனது. “என்னோடதுல எவளும் கைய வைக்கக் கூடாது, நீயா இருந்தாலும்” என்று கத்தினாய். அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அதே நீதான், வேறொரு நாள், முன்பின் தெரியாத யாரோ எழுதிப் பொதுவில் வைத்ததை எடுத்துத்தான் வரிசைப் பகுதியைச் செய்தேன், அந்தப் புண்ணியவான் எந்த ஊரோ என்றாய். எந்த நாளில் பேசியது நீ?

வாரிசு என்ற முறையில் ரஹ்மத்துக்கு நான் எழுதிக்கொடுக்கவேண்டிய தாள் தயார். என் கையெழுத்து மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் கூட்டம். மிச்சமிருக்கிற ஓட்டுநர்கள் வரிசையைத் தொடர்வதா, எல்லோரும் சவாரிக் கம்பெனிக்கே போய்விடுவதா என்று அன்று பேசி முடிக்கப்போகிறார்கள். கையில் ஏதாவது இருந்தால்தான் செல்வராசு அவர்களிடம் வாய் திறக்கமுடியும். சட்டப்படி எனக்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. அது என்னை ஆற்றவில்லை. உன் பெயரில் ‘ஆம்’ சொல்லமாட்டேன் என்று நின்றவள், இப்போது உனக்காக ஒரு ‘ஆம்’ சொல்லப்போகிறேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நேற்று முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டே யோசித்தேன். அன்றைக்கு நீ இருப்பதாகச் சொல்லச் சொன்னார்கள். இன்றைக்கு நீ செய்தது இருக்கட்டும் என்று சொல்லவேண்டும். வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிறேன். காலையில் நினைத்தேன். மத்தியானம் அவ்வளவு உறுதியாக இல்லை.

என் வீட்டுக்காரர் போய்விட்டார், நீயும் போய்விட்டாய். தெருவில் ஆட்டோச் சத்தம் கேட்டால் இன்னும் என் மனது தானாகக் கணக்குப் போடுகிறது: இது யார் டர்ன், போகிறது கிட்டமா தூரமா, திரும்பி வந்தால் எங்கே நிற்பான். எதைச் செய்தாலும் அந்த வரிசைக் கணக்கு பின்னால் ஓடிக்கொண்டேயிருக்கிறது. அதை நிறுத்த எனக்கு விருப்பமுமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறேன். நீ எழுதியது உன் பெயரோடுதான் வெளியே போகும். ரஹ்மத்திடம் அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். குறிப்புகளையும் நீக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், என்னைப் பற்றி இருப்பவை உட்பட. உனக்கு இதில் ஆட்சேபணை இருந்தால் அதற்குள் எனக்குத் தெரியவேண்டும். கனவில் வருவது, பல்லி சொல்வது, பூ விழுவது எதையும் நான் கணக்கில் எடுக்கமாட்டேன். எழுத்தில் பதில் போடு.